கம்பியால் இணைந்த விளையாட்டுக் கூட்டம்

மாலை வேளையில் ஊர்ச் சந்திக் கடை விறாந்தையில் கெரம் பலகையைச் சுற்றி நால்வர் அமர்ந்தால், அவர்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்று பார்ப்பது நம் நாட்டில் எவரும் கண்ட காட்சியாகும். காயை அடிப்பவன் ஒருவன். அவனுக்கு யோசனை சொல்வோர் பலர். தோற்றவன் எழுந்து இடங்கொடுக்க, நின்றவர்களில் ஒருவன் அமருவான். விளையாட்டுப் பலகையில் மட்டும் நிகழ்வதன்று. பலகையைச் சூழ்ந்த மனிதரிடையேயும் நிகழ்வதாகும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு நோக்கினால், இக்கால இளைஞர் 'லான் பார்ட்டி' என வழங்கும் கணினி விளையாட்டுக் கூட்டத்தின் இயல்பு எளிதில் விளங்கும்.

லான் என்பது யாது? ஓர் அறையிலோ ஒரு கட்டடத்திலோ உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஏற்பாடே அது. நம் பாடநூல்கள் அதனை இடத்துரி வலையமைப்பு எனக் கூறும். ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒரு கம்பி புறப்பட்டு, சுவிச் எனப்படும் சிறு பெட்டியிற் சென்று சேருகிறது. தபாற் கந்தோரில் கடிதங்களைத் தரம்பிரிப்பவர் முகவரியைப் பார்த்து உரிய பையில் இடுவதுபோல, அப்பெட்டி ஒவ்வொரு செய்தித் துணுக்கையும் உரிய கணினிக்கு அனுப்புகிறது. இதற்கு அடிப்படையான ஈதர்நெற் முறை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்றும் அச்சுப்பொறியோடும் இணைப்பதே அதன் நோக்கம். விளையாட்டு அன்று எவர் எண்ணத்திலும் இருந்ததில்லை.

ஆனால் கருவியைச் செய்பவன் ஒன்று நினைக்க, அதனைக் கையாளும் இளைஞன் வேறொன்று நினைப்பது வழக்கமன்றோ? 1993ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் டூம் என்னும் விளையாட்டு வெளிவந்தது. நால்வர் வரை நான்கு கணினிகளில் அமர்ந்து ஒரே ஆட்டத்திற் புகுவதற்கு அது வழிசெய்தது. அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் வலையமைப்புகள் இவ்வாட்டத்தால் நெரிந்து திணறவே, சில இடங்களில் அதற்குத் தடையும் விதிக்கப்பட்டது. அதன்பின் இளைஞர் தத்தம் கணினிகளைத் தாமே சுமந்து சென்று ஓரிடத்திற் கூடி ஆடத் தலைப்பட்டனர்.

இவ்வழக்கத்தின் வரலாற்றிற் கல்வியாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சுவீடன் நாட்டிலே மாலுங் என்னும் சிற்றூரில், ஆரம்பப் பாடசாலை ஒன்றின் நிலவறையில் நண்பர் சிலர் கணினிகளோடு கூடினர். 1994இல் அக்கூட்டம் அப்பாடசாலையின் உணவுக்கூடத்திற்கு இடம்மாறியது. ட்ரீம்ஹாக் எனப் பெயர்பெற்ற அது, 2001இல் யோன்சோப்பிங் நகரின் பெருங் கண்காட்சி மண்டபத்தை அடைந்து, ஆயிரக்கணக்கானோர் தம் கணினிகளோடு வந்து தங்கும் திருவிழாவாக வளர்ந்தது. உலகெங்கும் அறியப்பட்ட அவ்விழாவுக்கு முதலில் இடமளித்தது ஒரு பாடசாலையே. தென் கொரியாவில் இவ்வளர்ச்சி வேறு வழியிற் சென்றது. அங்கு 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர்த் தெருவுக்குத் தெரு கணினிக் கூடங்கள் பெருகின. 1998இல் வெளியான ஸ்டார்கிராப்ட் அவற்றை இளைஞரால் நிரப்பியது.

இணையம் இருக்கும்போது ஓரறையில் ஏன் கூடவேண்டும் என நேயர்கள் வினவலாம். ஒரு காரணம் நேரம். கண்ணாடி இழையினுள் ஒளி ஒரு செக்கனில் ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். இலங்கையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். அங்குள்ள கணினிக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப, வழியில் எத்தடையும் இல்லாவிடினும், செக்கனின் ஆயிரத்தில் 27 பங்கு ஆகும். நடைமுறையில் அதனிலும் மிகும். ஓரறைக்குள்ளோ ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் வெற்றி தோல்வி தீரும் ஆட்டத்தில் இவ்வேற்றுமை பெரிது.

இலங்கைக்கு இணைய சேவை 1995இல் வந்தது. அகலப்பட்டை இணைப்பு வீடுகளை எட்டத் தொடங்கியது 2003ஆம் ஆண்டளவிலேயே. அதுவரை தொலைபேசிக் கம்பி வழியாக வந்த இணைப்பு மெதுவானது. செலவோ நிமிடத்திற்கு நிமிடம் ஏறுவது. ஆகவே கண்டி போன்ற நகரங்களில், கணினிகளை வரிசையாக வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட நிலையங்களே ஆட்டக்கூடங்களாயின. அங்கு கவுன்டர் ஸ்ட்ரைக் என்னும் ஆட்டம் ஆட இணையமே வேண்டியதில்லை. அறைக்குள் ஓடிய கம்பியே போதுமாயிருந்தது. கண்டியோ அக்குறணை, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை ஆகிய எல்லாத் திசைகளிலிருந்தும் பாடசாலைக்கும் தனியார் வகுப்புக்கும் பிள்ளைகள் வந்து சேரும் நகரம். வகுப்புக்கும் பேருந்துக்கும் இடைப்பட்ட ஒரு மணி நேரம் இத்தகைய கூடங்களை வளர்க்கும். வீட்டிலிருந்து கணினி கொண்டுவந்து கூடுவோர் பாடு வேறு. பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட பழைய கண்ணாடித் திரையை முச்சக்கர வண்டியில் ஏற்றி, மலைச்சரிவு ஒழுங்கைகளில் மேலும் கீழும் சுமப்பது விளையாட்டன்று.

காலப்போக்கில் இம்முயற்சிகள் ஒழுங்குபெற்றன. கேமர் எல்கே என்னும் அமைப்பு நாடளாவிய போட்டிகளையும், பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகளையும் நடத்தலாயிற்று. 2019இல் விளையாட்டுத்துறை அமைச்சும் இதனை ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 2022இல் பேர்மிங்காம் நகரில் முதலாவது பொதுநலவாய மின்விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. 2023இல் ஹாங்சூவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் இதற்குப் பதக்கமும் வழங்கப்பட்டது.

பதக்கத்தைவிடப் பெரிதொரு பயன் உண்டு. கூட்டம் ஒன்றை நடத்த முற்படும் மாணவர், கம்பியின் எட்டு இழைகளை நிற வரிசைப்படி அடுக்கி முனை பொருத்தவேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு இலக்க முகவரி கொடுக்கவேண்டும். இரண்டிற்கு ஒன்றே அமைந்துவிட்டால் ஆட்டம் தடைப்படும், தவற்றைத் தேடிக் காணவேண்டும். கம்பி 100 மீற்றருக்கு மேற்பட்டால் செய்தி நலியும் என்பதையும், ஒரே செருகியில் இருபது கணினிகளைத் தொடுத்தால் மின்கம்பி சூடேறும் என்பதையும் அறியவேண்டும். செலவைப் பங்கிட்டுக் கணக்கு வைக்கவும் வேண்டும். பரீட்சைக்காக மனனம் செய்த பாடம், இங்கு கைப்பழக்கமாகிவிடுகிறது.

பெற்றோரின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையும் இடம்பெற்றுள்ளது. எனினும் அதிக நேரம் ஆடுவது மட்டுமே நோயாகாது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, ஏனைய கடமைகளுக்கு மேலாக அதனை வைத்தல், கேடு கண்டும் விடாதிருத்தல் என்னும் மூன்றும் பொதுவாக ஓராண்டளவு நீடித்தலே அந்நிறுவனம் கூறும் அடையாளம். இவ்வாபத்து, பலர் நடுவே ஆடுபவனைவிடக் கதவடைத்த அறையில் நள்ளிரவிலே தனித்து ஆடுபவனையே எளிதிற் சூழும். கூடத்தில் விளக்கணைக்கும் நேரமுண்டு. போதும் என்று சொல்லத் தோழனும் உண்டு.

வருந்தத்தக்கது யாதெனில், உலகெங்கும் கூடம் சுருங்கித் தனியறை பெருகி வருவதே. 2010இல் வெளியான இரண்டாம் ஸ்டார்கிராப்ட், இணையமின்றி அறைக்குள் இணைந்து ஆடும் வசதியையே நீக்கிவிட்டது. பின்னர்க் கைத்தொலைபேசி வந்தது. 2020இன் பெருந்தொற்று எல்லோரையும் வீட்டினுள் அடைத்தது. இன்று ஒரே ஒழுங்கையிற் குடியிருக்கும் இருவர், வெளிநாட்டுக் கணினி ஒன்றின் வழியாக, ஒருவர் முகத்தை மற்றவர் அறியாமலே போர் புரியக்கூடும்.

முகம் காணாமையின் விலையைக் கண்டி மாவட்டம் நன்கறியும். 2018 மார்ச்சில் திகனை, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் வன்செயல் மூண்டபோது, சமூக வலைத்தளங்களிற் பரவிய வெறுப்புச் சொற்களைத் தடுக்க அரசாங்கம் அத்தளங்களையே சில நாட்கள் முடக்க நேர்ந்தது. திரைக்கு அப்பாலிருப்பவன் பெயராக மட்டும் இருக்கும்போது அவனை வெறுப்பது எளிது. ஐவர் கொண்ட அணியிற் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, தன் தவற்றுக்குச் சிரித்து, தேநீரைப் பகிர்ந்துகொள்ளும்போது அவன் சிங்களவனோ தமிழனோ முஸ்லிமோ என்பது பின்னுக்குச் செல்லும். ஒரு விளையாட்டு இனப்பிணக்கைத் தீர்த்துவிடும் எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் மூன்று மொழி வழங்கும் நகரில் பிள்ளைகள் ஒரே மேசையில் அமரும் வாய்ப்பு எதனையும் நாம் அற்பமாகக் கருதலாகாது.

மற்றொரு குறையும் உண்டு. கலஹா, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைக்கு வீட்டிற் கணினி கிடைப்பது அரிது. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீடு திரும்புவதும் அரிது. நகரத்துக் கூடம் அப்பிள்ளைக்கு எட்டாது. ஆயின் பல பாடசாலைகளில் ஏற்கெனவே கம்பியால் இணைக்கப்பட்ட கணினி அறை இருக்கின்றது; பாடவேளை முடிந்ததும் அது பூட்டப்படுகிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஓர் ஆசிரியர் மேற்பார்வையில் அதனைத் திறந்துவைத்தால் என்ன? துப்பாக்கி ஆட்டங்களை விலக்கி, காற்பந்தாட்டம், சதுரங்கம், நகரமைக்கும் ஆட்டம் என வயதுக்கேற்றவற்றைத் தெரியலாம். கம்பி பொருத்துவதும் அறையைத் துப்புரவாக்குவதும் மாணவர் பொறுப்பாகலாம். மத்தியான மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து மைதானத்துக்குச் செல்லவேண்டும் என்பதையும் விதியாக்கலாம்.

மாலுங் ஊர்ப் பாடசாலையார் தம் நிலவறையைத் திறந்தபோது பெருந்தொகை எதனையும் செலவிட்டிலர். ஒரு கதவையே திறந்தனர். நம் பாடசாலைகளிலும் அறை இருக்கிறது, கம்பி இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். திறவுகோல் பெரியவர்கள் கையிலுள்ளது.