மூச்சிரைப்போடு வரும் பயம்... அதற்கும் சிகிச்சை உண்டு!

ராத்திரி ஒரு மணி. இருமி இருமி எழுந்து உட்கார்ந்தவருக்கு மூச்சு உள்ளே போக மறுக்கிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. 'இன்னைக்கு நம்ம கதை முடிஞ்சுது' என்றே தோன்றுகிறது. இன்ஹேலரை எடுத்து உறிஞ்சியதும் மெல்ல அடங்கிவிடுகிறது. ஆனால், மறுநாள் படுக்கவே பயம்.

நாள்பட்ட நுரையீரல் நோயாளி இருக்கும் வீடுகளுக்கு இது பழகிய காட்சி. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா மில் தொடங்கிய பிறகு, நூலை நம்பியே வளர்ந்த ஊர் ராஜபாளையம். எந்த ஊர் மில்லாக இருந்தாலும், பஞ்சுத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் 'பிசினோசிஸ்' வரலாம். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகுவதுதான் அதன் ஆரம்ப அடையாளம். 'லீவு போட்ட சோம்பேறித்தனம்' என்று பேர் வாங்கிக் கொடுக்கும் அடையாளமும் அதுதான்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகு அடுப்பில் பாலைச் சுண்டக் காய்ச்சுவதுதான் அதன் பழைய பக்குவம். பட்டறையோ வீட்டு அடுப்படியோ, பல வருடம் புகையில் நின்றால், பீடி சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் சிஓபிடி எனும் நுரையீரல் அடைப்பு நோய் வரலாம்.

இவர்களுக்குப் பயம் வருவது கோழைத்தனம் அல்ல. பஸ்ஸில் உள்ளே இருப்பவர்கள் இறங்குவதற்கு முன்பே வெளியே நிற்பவர்கள் முண்டியடித்து ஏறினால் என்ன ஆகும்? சிஓபிடி நுரையீரலில் நடப்பதும் அதுதான். பயந்தவுடன் வேகவேகமாக மூச்சை இழுக்கிறோம். குறுகிய குழாய் வழியே பழைய காற்று வெளியேற நேரமில்லை. அது உள்ளேயே தேங்க, புதுக் காற்றுக்கு இடமில்லை. மூச்சு இன்னும் முட்டுகிறது, பயம் இன்னும் ஏறுகிறது.

அதனால், இழுப்பதைவிட விடுவதில்தான் கவனம் வேண்டும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். முகத்துக்கு நேரே விசிறுவதும் பலருக்கு இதமாக இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் சூழ்ந்துகொண்டு, "என்னப்பா பண்ணுது, சொல்லுங்க" என்று துளைக்க வேண்டாம். பேசவும் மூச்சு வேண்டுமே! தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேட்டால் போதும். இன்ஹேலருக்கும் அடங்காமல், உதடு நீலமாகி, பேச முடியாமலோ குழப்பமாகவோ இருந்தால் அது வெறும் பயம் இல்லை. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சத்தமில்லாமல் வரும் இன்னொன்று, மனச்சோர்வு. நாலு பேர் முன்னால் இருமினால் 'டிபியோ' என்று பார்ப்பார்களே எனக் கல்யாண வீட்டைத் தவிர்ப்பார்கள். ஆடிப்பூரத் தேருக்கு, "கூட்டம், நான் வரல" என்பார்கள். வீடும் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடும். நடமாட்டம் குறையக் குறைய, கால் தசைகள் பலம் இழந்து, நாலு படி ஏறினாலே இன்னும் அதிகமாக இரைக்கும். இன்ஹேலரும், 'என்னத்துக்கு' என்று ஒரு மூலைக்குப் போய்விடும்.

மருத்துவர் மேற்பார்வையில் செய்யும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இரைப்பை மட்டுமல்ல, பதற்றத்தையும் சோர்வையும் குறைக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

மருந்தையும் கவனிக்க வேண்டும். சால்பியூட்டமால் இன்ஹேலர் சிலருக்குக் கை நடுக்கமும் படபடப்பும் தரும். ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கலாம். தெரியாதவர்கள் அதையும் பயம் என்றே நினைப்பார்கள். தூக்கம் வரவில்லையென்று மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதோ ஆபத்து. சில மாத்திரைகள் சுவாசத்தையே மந்தமாக்கிவிடும்.

மருத்துவர், "சளி எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். தூக்கத்தையும் பயத்தையும் நீங்களே சொல்லுங்கள். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், 'டெலி மானஸ்' இலவச எண் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். ராத்திரி ஒரு மணிக்கும்.