விபத்து கேரளாவுல நடந்தா, கேஸை நம்ம ஊர்லயே போடலாமா?

உளுந்து, பாசி அறுப்பு முடிஞ்சா நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கத்துல இருந்து பலர் வெளியூர் வேலைக்குக் கிளம்பிடுவாங்க. லாரி ஓட்டப் போறவங்க, கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போறவங்க. அங்கே ரோட்டுல ஒருத்தர் அடிபட்டு இறந்துட்டா வீட்டுல வர்ற முதல் பயம், "அந்த ஸ்டேட் சட்டம் வேறயாச்சே, கேஸுக்கு அங்கேயே அலையணுமே" என்பதுதான். இந்தப் பயத்துலதான் எதிர்த்தரப்பு நீட்டுற ஒண்ணு ரெண்டு லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுறாங்க.

வீடியோல வேகமா சொன்னதை இங்கே கணக்கோட எழுதுறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988 மத்திய சட்டம். பாலக்காடானாலும் கோவில்பட்டியானாலும் அதேதான். அதோட 166-வது பிரிவுப்படி விபத்து நடந்த இடம், மனுதாரர் குடியிருக்கிற இடம், எதிர்த்தரப்பு இருக்கிற இடம், இந்த மூணுல எந்தத் தீர்ப்பாயத்துலயும் மனு போடலாம். குடும்பம் நாகலாபுரத்துல இருந்தா நம்ம பகுதித் தீர்ப்பாயமே போதும்.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டமே மாறுறது அமெரிக்காவுல. நார்த் கரோலினாவுல அடிபட்டவர் மேல கொஞ்சம் தப்பு இருந்தாலே பொதுவா இழப்பீடு கிடையாது. கலிஃபோர்னியாவுல தப்போட சதவீதத்தைக் கழிச்சுட்டு மீதியைக் கொடுப்பாங்க. நம்ம நாட்டுலயும் கழிக்கிற முறைதான். அதனால "உங்க ஆள் மேலயும் தப்பு இருக்கு"ன்னு சொன்னா கேஸே போச்சுன்னு நினைக்காதீங்க.

இப்போ கணக்கு. இறந்தவருக்கு 38 வயசு, மாசம் 15,000 ரூபாய் கூலி, மனைவி, 2 பிள்ளைங்க, அம்மா. உச்ச நீதிமன்றத்தோட சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள்படி, எதிர்கால வருமானத்துக்கு 40% கூட்டினா 21,000. அவரோட சொந்தச் செலவுக்குக் கால்வாசி போக 15,750. வருஷத்துக்கு 1,89,000. அந்த வயசுக்கான பெருக்கல் எண் 15. மொத்தம் 28,35,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு மாதிரியான தொகையெல்லாம் இதுக்கு மேல தனி.

அதே ஆளுக்கு மாச வருமானம் 10,000-ன்னு தீர்ப்பாயம் எடுத்துக்கிட்டா 18,90,000 தான். 9,45,000 ரூபாய் போயிடும். கையில காசா வாங்கின கூலிக்கு என்ன ஆதாரம்? கான்ட்ராக்டர்கிட்ட சம்பளத்தை பேங்க்லயே போடச் சொல்லுங்கன்னு நான் திரும்பத் திரும்பக் கத்துறது இதுக்குத்தான். ஆதாரம் இல்லேன்னா குறைந்தபட்சக் கூலியைப் பார்த்துத்தான் பல நேரம் முடிவு பண்ணுவாங்க. அது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்.

சிகிச்சையிலயும் வித்தியாசம் இருக்கு. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல முதல் 48 மணி நேர இலவச சிகிச்சை, தமிழ்நாட்டு ரோட்டுல அடிபட்டவங்களுக்கு மட்டும்தான். அவர் எந்த ஸ்டேட்காரரா இருந்தாலும் சரி. வெளி ஸ்டேட்ல நடந்தா, 2025-ல வந்த மத்திய அரசோட பணமில்லா சிகிச்சைத் திட்டத்தை ஆஸ்பத்திரியில கேளுங்க. 7 நாள் வரைக்கும், 1.5 லட்சம் வரைக்கும்.

2022 ஏப்ரல் 1-ல இருந்து, விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டத்துல இருக்கு. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்குகள் போயிருக்கு. ஆனா அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், மோதின வண்டியோட இன்சூரன்ஸ் நகல் எல்லாத்தையும் அந்த ஸ்டேஷன்ல வாங்கிடுங்க. எஃப்.ஐ.ஆர். மலையாளத்துல இருந்தா மொழிபெயர்ப்பையும் வக்கீல்கிட்ட கேட்டு ரெடி பண்ணிடுங்க.