குடலின் அழைப்பைத் தள்ளிப்போடலாமா?

கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குச் செல்வோர், பொழுது புலருமுன் ஜீப்பில் ஏறிக் குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ இடுக்கி மலைக்குச் செல்கின்றனர். மாலையில்தான் வீடு திரும்புகின்றனர். இடையே மலம் கழிக்கும் உணர்வு தோன்றினாலும், ஒதுங்க இடமின்றிப் பெண்கள் பலர் அதனை அடக்கிக்கொள்கின்றனர். சிலர் இதற்கு அஞ்சித் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். இவ்வழக்கம் நாளடைவில் மலச்சிக்கலில் முடிகிறது. அதன் காரணத்தை அறிய, குடல் இயங்கும் முறையை முதலில் காண்போம்.

உணவின் பயணம்

உண்ட உணவு இரைப்பையில் சில மணி நேரம் தங்கிக் கூழாகிறது. பின்னர் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை அடைகிறது. அங்கே பித்தநீரும் கணையநீரும் கலந்து செரிமானம் நடைபெறுகிறது; சத்துகள் இரத்தத்தில் சேர்கின்றன. எஞ்சியது பெருங்குடலுக்குச் செல்கிறது. இதன் நீளம் சுமார் ஒன்றரை மீட்டரே. ஆயினும் உணவின் மிச்சம் நெடுநேரம் தங்குவது இங்கேதான். ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகலாம்.

நாம் அருந்தும் நீரும் உடல் சுரக்கும் செரிமான நீர்களும் சேர்ந்து, நாளொன்றுக்கு 8 முதல் 9 லிட்டர் வரை குடலுக்குள் வருகின்றன. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடுகிறது. பெருங்குடலுக்கு வருவது ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரையே. அதிலும் 100 முதல் 200 மில்லி லிட்டர் மட்டுமே மலத்துடன் வெளியேறுகிறது. மலத்தில் முக்கால் பங்கு நீரே. மீதி, செரிக்காத நாரும் நுண்ணுயிரிகளும் உதிர்ந்த உயிரணுக்களும் ஆகும்.

அடக்கினால் என்ன நேரும்?

மலக்குடலில் மலம் வந்து சேர்ந்ததும் அதன் சுவர் விரிகிறது. உடனே உட்புறச் சுருக்குத்தசை தானாகத் தளர்கிறது. இதுவே குடலின் அழைப்பு. வெளிப்புறச் சுருக்குத்தசையோ நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டது. அதனை இறுக்கினால் சற்று நேரத்தில் அவ்வுணர்வு மறைந்துவிடும். ஆனால் மலம் உள்ளேயே இருக்கும், குடல் அதிலுள்ள நீரை மேலும் உறிஞ்சும், மலம் இறுகும். இறுகிய மலத்தை முக்கி வெளியேற்றுவதால் மூலமும் ஆசனவாய் வெடிப்பும் உண்டாகின்றன. தொடர்ந்து அடக்கிவந்தால் அழைப்பை உணரும் திறனும் மங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

துயில் எழுந்த பின்னும், உணவு உண்ட பின்னும் பெருங்குடலின் அசைவு மிகுகிறது. ஆகவே வேலைக்குப் புறப்படுவோர் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வெந்நீரோ சிற்றுணவோ உட்கொண்டு, அவசரமின்றிக் கழிப்பறைக்குச் செல்லுதல் நலம். காலையில் இயலாதவர்கள் இரவு உணவுக்குப் பின் முயலலாம். குந்தி அமரும் முறை மலம் எளிதில் இறங்க உதவும். மேலைநாட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் முதியோர், கால்களுக்கடியில் சிறு முக்காலி வைத்துக்கொள்ளலாம்.

கம்பு, சாமை, அவரை, முருங்கைக்கீரை, கனிந்த வாழை ஆகியவை நார்ச்சத்து மிக்கவை. நம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையை நன்கு கழுவித் தோலுடன் உண்ணலாம். நாருடன் நீரும் வேண்டும். நீரில்லாத நார் பயன் தராது. சர்க்கரை நோயாளிகள் பழத்தின் அளவையும், இதய, சிறுநீரக நோயாளிகள் நீரின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிக.

உடனிருந்து கவனிப்போருக்கு

நாள்தோறும் மலம் கழித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரை இயல்பே. படுக்கையில் இருப்போருக்கும், இரும்புச்சத்து மாத்திரையோ சிலவகை வலி மருந்துகளோ உட்கொள்வோருக்கும் மலச்சிக்கல் எளிதில் வரும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் தெரிவியுங்கள். பேதி மருந்தையும் தாமாகக் கொடுக்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கருமை, காரணமற்ற எடைக்குறைவு, நடுத்தர வயதுக்குப் பின் மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றை மூலம் என்று எண்ணிப் புறக்கணிக்காதீர்கள். விரைவில் மருத்துவரைக் காணுங்கள். வயிறு உப்பி, வாந்தியுடன் மலமும் காற்றும் முற்றிலும் நின்றுபோனால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இவற்றைச் சொல்ல எங்களிடம் கூச்சம் வேண்டாம். காய்ச்சலைப் பற்றிக் கேட்பதுபோலவே இதனையும் நாங்கள் கேட்போம். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்.