செந்தினைக்குச் சாம்பல் அட்டை சாட்சி

"இது எங்க தினை இல்லீங்களே தம்பி. யாரூட்டுது?"

கொல்லிமலையில் சோளக்காட்டுப் பக்கம் ஒரு பாட்டி கேட்டார். போன வாரம் அவர் முறத்திலேயே நான் எடுத்த படம்தான். படத்தில் செந்தினை பழுப்படித்துக் கிடந்தது.

பலா மரத்தடியில், வெள்ளை வேட்டியை விரித்து, முறத்தை வைத்து எடுத்திருந்தேன். இலை வழியே வந்த வெளிச்சத்தில் பச்சை கலந்திருக்கிறது. முறம் நிறைய சிவப்பைப் பார்த்த கேமரா, வெளிச்சமே சிவப்பு என்று நினைத்து அதைக் குறைத்துவிட்டது. போதாததற்கு, எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்குவதுதான் அதன் மீட்டருக்குத் தெரிந்த வேலை. வேட்டியின் வெண்மையை அதிக வெளிச்சம் என்று எண்ணிப் படத்தையே இருட்டாக்கியது.

திருகுலாசாமை, கட்டவெட்டிச்சாமை, செந்தினை என்று இந்த மலையில் சிறுதானிய வகைகள் ஏராளம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே இவற்றைக் காக்கப் பாடுபடுகிறது. பல வகைக்கு நிறமும் ஓர் அடையாளம். அது மாறினால் படம் எதற்கு?

மறுமுறை சாம்பல் அட்டையோடு போனேன். விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும், எந்த நிறச் சாயலும் இல்லாத அட்டை. அதைத் தினைமேல், அதே வெளிச்சம் படும்படி வைத்து அளவு பார்த்தேன். அட்டையோடு ஒரு படம், அட்டையை எடுத்துவிட்டு மற்றவை. வீட்டில் கணினியில் அந்தச் சாம்பலைத் தொட்டு 'இதுதான் சாம்பல்' என்று காட்டினால், அதே திருத்தம் எல்லாப் படத்துக்கும் பொருந்தும். இங்கேதான் வம்பு: பள்ளத்திலிருந்து பனி ஏறினால் பத்தே நிமிடத்தில் வெளிச்சம் நீலம் பூசிக்கொள்ளும். மறுபடி அட்டை.

வேட்டியையே வெள்ளையாக வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நாம்தான் அதற்கு நீலம் போடுகிறோமே!

ஒவ்வொரு நிறமும் சரியாக வர வேண்டுமென்றால் 24 கட்டம் கொண்ட நிற அட்டை உண்டு. 1976இல் அமெரிக்காவின் மேக்பெத் நிறுவனம் கொண்டுவந்தது. அதன் முதல் இரண்டு கட்டங்கள் மனிதத் தோலின் நிறம்: ஒன்று கருப்பு, ஒன்று வெளுப்பு. மூன்றாவது வானம், நான்காவது இலை. கடைசி வரிசை வெள்ளையிலிருந்து கருப்பு வரை. வீட்டு பிரிண்டரில் அச்சடித்துப் பயனில்லை, மை ஏமாற்றும்.

புதுப் படத்தைப் பாட்டி கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"தினை சரிதான். ஆனா முறத்துக்குச் சாணி மெழுகி நாளாச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சிருமே!"