குறியைத் திருத்துமுன்



வன்னிக் காட்டோரக் கிராமங்களில் வாழ்ந்தோர் இடியன் துவக்கை அறிவர். வாய்வழியாக மருந்தையும் சன்னங்களையும் இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கும் துவக்கு அது. அதன் குழல் உட்புறம் வழுவழுப்பானது. வெளிப்படும் சன்னங்கள் சிதறிப் பரவுவதால், குறி சிறிது பிசகினும் அண்மையிலுள்ள இலக்கு தப்புவது அரிது.

வாய்வழியே கெட்டிக்கும் துவக்குகளில் வேறொரு வகையும் உண்டு. அது சிதறும் சன்னங்களை நம்புவதன்று. ஒரே ஓர் ஈயக்குண்டை நம்புவது. அத்தகைய துவக்கிற்குக் குறி அமைப்பது எவ்வாறு என்பதே இன்று யான் கூறப்புகும் பொருள்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் சென்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய கொல்லர்கள், லங்காஸ்டர் முதலிய இடங்களில் நீண்ட றைபிள்களைச் செய்தனர். பிற்காலத்தில் அவை கென்டக்கி றைபிள் எனப் பெயர் பெற்றன. பல துவக்குகளின் குழல் மட்டுமே 40 அங்குலத்துக்கு மேற்பட்டது. குழலின் உட்சுவரிலே திருகுபோலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. 1777இல் சரற்றோகாவிலும், 1780இல் கிங்ஸ் மவுண்டனிலும் இத்துவக்கேந்தியோர் ஆற்றிய பங்கு வரலாற்றில் இடம்பெற்றது. ஆயினும், காட்டோரக் குடியானவனுக்கு இது முதலில் உணவு தேடும் கருவியே. கெட்டிப்பதற்கு நேரம் செல்லும்; மானோ இரண்டாம் வெடிக்காகக் காத்து நில்லாது. எனவே முதற்குண்டு தவறாதிருத்தல் வேண்டும்.

இதன் சிறப்பு ஒரு சிறு துணித்துண்டில் அடங்கியுள்ளது. குழலின் விட்டம் அரை அங்குலமாயின், குண்டின் விட்டம் அதனினும் நூறில் ஒரு பங்கு அங்குலம் குறைவாயிருக்கும். கொழுப்புத் தடவிய பருத்தி அல்லது சணற்றுணியால் குண்டைப் பொதிந்து குழலினுள் தள்ளுவர். துணி குழலின் பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். வெடிக்கும்போது, அத்துணி குண்டைச் சுழலச் செய்வதோடு, எரிவாயு பக்கங்களால் ஒழுகாமலும் தடுக்கும். சுழலும் குண்டு நேர்வழி செல்லும். வாயைவிட்டு வெளிவந்ததும் துணி கழன்று வீழ்ந்துவிடும்.

இனிக் குறியை நோக்குவோம். குழலின் வாயருகே நிற்கும் மெல்லிய தகடு முன்குறி. கண்ணுக்கு அணித்தாக, நடுவே வெட்டுடையது பின்குறி. பழைய முறைப்படி அமைந்த இவற்றில் திருகாணிகள் இல்லை. இரண்டும் குழலின் குறுக்கே வெட்டிய பள்ளங்களில் இறுகப் பொருந்தியிருக்கும். மெல்லத் தட்டினால் பக்கவாட்டில் நகரும். கொல்லன் முன்குறியை வேண்டுமென்றே உயரமாக விடுவான். உயர்ந்த முன்குறியைப் பின்குறியின் வெட்டோடு மட்டப்படுத்தும்போது குழலின் வாய் தாழும். குண்டும் இலக்கின் கீழே படும். உடையவன் சுட்டுப் பார்த்துத் தகட்டை அரத்தால் சிறிது சிறிதாக அராவ, குண்டு மேலேறி வரும். ஆகவே துவக்கின் இறுதி வேலை அதனை ஆள்பவன் கையிலேயே உள்ளது.

இங்கேதான் பலர் தவறிழைக்கின்றனர். ஒருமுறை சுட்டு, குண்டு கீழே பட்டதெனக் கண்டு உடனே அரத்தை எடுக்கின்றனர். அடுத்த குண்டு மேலே படுகிறது. அதற்கடுத்தது இடப்புறம் செல்கிறது. தவறு குறியிலன்று, கெட்டிக்கும் முறையில் இருந்தது என்பதை உணரும்போது தகடு பாதி தேய்ந்துவிடுகிறது. அராவிய உலோகத்தை மீண்டும் ஒட்ட இயலாதன்றோ?

ஆகவே முதலிற் செய்யத்தக்கது எல்லாவற்றையும் ஒரே சீராக்குதலாம். குண்டுகள் ஒரே நிறையினவாதல் வேண்டும். மருந்தை ஒரே அளவுக் குவளையால் அளத்தல் வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலில் ஊற்றுதல் ஆகாது, உள்ளே கனல் எஞ்சியிருப்பின் குடுவையே வெடிக்கும். மருந்தும் இத்துவக்குக்குரிய கரிய வெடிமருந்தாகவோ, அதற்கு ஈடாகச் செய்யப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும். புகையில்லா மருந்து குழலைப் பிளந்துவிடும். துணியின் தடிப்பும் கொழுப்பின் அளவும் மாறலாகா. குண்டு மருந்தின்மேல் முற்றாகச் சென்று அமர்தல் வேண்டும்; இடையில் வெளி இருப்பின் குழலுக்குக் கேடு. இடிகோலில் ஓர் அடையாளமிட்டு, ஒவ்வொரு முறையும் அது குழல்வாயோடு ஒத்து நிற்கிறதா எனப் பார்த்தல் நலம். ஒவ்வொரு வெடிக்குப் பின்பும் ஈரத்துணியால் குழலின் கரியைத் துடைத்தலும் தேவை. கரி படியப் படிய ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு வகையாகச் செல்லும்.

சுட்டபின் முன்னே வீழ்ந்து கிடக்கும் துணியை எடுத்துப் பாருங்கள். அது நமக்குச் செய்தி கூறும். நடுவே கரிபடிந்து, விளிம்பு குலையாதிருப்பின் எல்லாம் செம்மை. பொசுங்கித் துளைபட்டிருப்பின் துணி மெல்லியது, அல்லது கொழுப்புப் போதாது. கத்தியால் அரிந்தாற்போற் கிழிந்திருப்பின் பள்ளங்களின் விளிம்பு இன்னும் கூர்மையாயுள்ளது. இக்குறைகள் நீங்குமுன் குறியைத் தொடுதல் வீண்.

பின்னர் துவக்கை மணல்மூட்டையின்மேல் தாங்கி, 25 கஜத்தில் தொடங்கி, 50 கஜத்திற்குச் செல்லலாம். ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து முறை சுடுக. ஐந்தும் ஓரிடத்தே நெருங்கி விழுந்தால், அக்கூட்டத்தின் நடுவிடமே துவக்கு சொல்லும் உண்மை. சிதறி விழுந்தாலோ, திருத்தவேண்டியது குறியன்று.

பக்கவாட்டுப் பிழைக்கு விதி எளிது: குண்டு எப்பக்கம் செல்லவேண்டுமோ அப்பக்கமே பின்குறியைத் தட்டுக. முன்குறியை நகர்த்துவதாயின் எதிர்ப்பக்கம் தட்டுக. மேல்கீழ்ப் பிழைக்கு நம் பள்ளிக் கணிதத்தின் ஒத்த முக்கோணங்களே போதும். இரு குறிகளுக்கும் இடையே 36 அங்குலம் என்க. 50 கஜம் என்பது 1800 அங்குலம். அதாவது 36இன் 50 மடங்கு. குண்டு 3 அங்குலம் கீழே பட்டால், 3ஐ 50ஆல் வகுக்க நூறில் ஆறு பங்கு அங்குலம் வரும். முன்குறியிற் குறைக்கவேண்டியது அவ்வளவே. அதனையும் ஒருமிக்க அராவாது, இரண்டொரு இழுப்பு அராவிச் சுட்டுப் பார்த்து, மீண்டும் அராவுக. அளவு மிஞ்சிக் குண்டு மேலே செல்லத் தொடங்கினால், பின்குறியைத் தாழ்த்தவோ புதிய முன்குறி பொருத்தவோ நேரும்.

இவ்வளவும் ஏன்? உருண்டைக் குண்டு காற்றிலே விரைவாக வேகமிழக்கும். தொலைவு செல்லச் செல்ல மிகத் தாழும். 50 கஜத்திற் செம்மையாகச் சுடுபவன், 100 கஜத்திலும் அவ்வாறே சுடுவான் என்பதில்லை. தன் துவக்கின் எல்லையை அறியாதவன் விலங்கைக் கொல்வதில்லை, காயப்படுத்துகிறான். அது புதருக்குள் ஓடிப் பல மணி நேரம் வதைபட்டு மடியும். அவனுக்கு உணவுமில்லை, அதற்கு விரைவான முடிவுமில்லை. எனவே குறி அமைத்தல் வெறும் பொழுதுபோக்குத் திறமையன்று. உயிர் ஒன்றின்மீது நாம் கொள்ளும் பொறுப்பாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தேசிய வாய்வழிக்கெட்டிப்புத் துவக்குச் சங்கத்தினர் இந்தியானா மாநிலத்துப் பிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரிற் போட்டிகள் நடத்தி இக்கலையைப் பேணி வந்துள்ளனர். அங்கு செல்லும் வாய்ப்பு நம்மிற் பலருக்கு இல்லை. துவக்கைக் கையில் எடுக்கும் தேவையும் இல்லை. எனினும் இக்கலை கற்பிக்கும் ஒழுங்கு எல்லோர்க்கும் உரியது. ஒரு பரீட்சையில் ஒரு மாணவன் பெற்ற புள்ளியைக் கொண்டு அவனை அளந்துவிட்டதாக எண்ணும் ஆசிரியரும், ஒரு வெடியோடு அரத்தை எடுப்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். பலமுறை பார்த்து, நம் பக்கத்துக் குறைகளை முதலிற் களைந்து, அதன்பின் திருத்துவோமாக. அப்போதும் சிறிது சிறிதாகவே திருத்துவோமாக.