அசையாத கால் நடுங்குவது ஏன்?

கால்களை அகட்டி, முழங்கால்களை மடக்கி, குதிரைமேல் அமர்ந்தவர்போல் அசையாமல் நின்று பாருங்கள். சீனக் குங்ஃபூவில் இதற்கு 'மா பூ' என்று பெயர். முதலில் இதென்ன பெரிய வித்தை என்று தோன்றும். சற்று நேரத்தில் தொடை எரியும்; பிறகு நடுங்கும்.

தசைநார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உழைப்பதில்லை. தண்டுவடத்திலுள்ள ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் ஒரு கூட்டம் நார்களை ஆள்கிறது. சிறிய நரம்பணுக்கள் முதலில் வேலையில் இறங்கும், பெரியவை கடைசியில்தான். அமெரிக்க உடலியல் அறிஞர் எல்வுட் ஹென்னமன் 1957இல் இந்த ஒழுங்கை வெளியிட்டார். சிறியவற்றின் நார்கள் எளிதில் களைக்காதவை, ஆனால் வலிமை குறைந்தவை. பெரியவற்றின் நார்களோ வலிமை மிக்கவை, விரைவில் ஓய்ந்துபோகிறவை.

நிற்க நிற்க முன்னே உழைத்த நார்கள் சளைக்கின்றன. இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே நெரிப்பதும் இதற்கு ஒரு காரணம். உடலின் பளு குறையவில்லையே! எனவே பெரிய நரம்பணுக்களுக்கும் அழைப்புப் போகிறது. முறைவைத்து இழுத்த கூட்டங்கள் இப்போது பல சேர்ந்தாற்போல் இழுக்கின்றன, அதுவே நடுக்கம். பயில்கிறவருக்கு வேண்டியதும் இந்த அழைப்புத்தான்.

ஆனால் மணிக்கணக்கில் நின்றால் உதை வலுக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இப்படிப் பெறும் வலிமை பெரும்பாலும் முழங்கால் மடங்கிய அந்தக் கோணத்தை ஒட்டியே இருக்கும். உதையின் வேகத்தை உதைத்துத்தான் பழகவேண்டும். நிற்கும்போது மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.