ஒன்பது ஊசல்களும் ஓர் அலையும்

ஒன்பது ஊசல்கள் வரிசையாகத் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்புறச் சுவரில் தொடங்கி வலப்புறச் சுவர் வரை, வலிய சுருள்வில், மெலிய சுருள்வில் என மாறி மாறி அவற்றைப் பிணைத்திருக்கிறோம். வலியதன் விறைப்பு மெலியதைப்போல் இருமடங்கு.

இத்தொடரில் ஒரு விந்தையான அலைவு உண்டு. இரட்டை எண் ஊசல்கள் அசையாமல் நிற்க, ஒற்றை எண் ஊசல்கள் மட்டும் ஆடும். எப்படி? இரண்டாம் ஊசலைக் கவனியுங்கள். முதல் ஊசல் அதை மெலிய வில்லாலும் மூன்றாவது வலிய வில்லாலும் இழுக்கின்றன. இரண்டும் சரிக்குச் சரியாக எதிர்த்தால்தான் அது அசையாது. ஆகவே மூன்றாவது, முதல் ஊசலின் பாதி வீச்சில், எதிர்த்திசையில் ஆட வேண்டும். ஐந்தாவது அதிலும் பாதி. வீச்சுகள் 16, 8, 4, 2, 1 எனத் தேய்கின்றன. அலை இடக்கோடியில் ஒட்டிக்கொண்டது! இதுவே விளிம்பு நிலை. 1979இல் சூ, ஸ்ரீஃபர், ஹீகர் ஆகியோர் பாலிஅசெட்டிலீனை ஆராய்ந்தபோது போட்ட கணக்கும் இவ்வகையினதே.

வில்லை மாற்றாமல் இந்த அலையை நகர்த்த முடியுமா? முதல் ஊசல் இரண்டாவதை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவே இரண்டாவது முதலை இழுக்கும். இப்படி இருபக்கமும் ஒத்த அமைப்பை, கணித அறிஞர் ஹெர்மிட்டின் பெயரால் ஹெர்மிட் அமைப்பு என்பர். அந்த ஒப்பை உடைக்க, வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும்.

இரட்டை எண் ஊசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மோட்டார் பொருத்துவோம். இடப்பக்கத்து ஊசல் எவ்வளவு விலகுகிறது என்று ஓர் உணர்கருவி சொல்லும். மோட்டார், வில் இழுக்கும் அளவே தானும் கூடுதலாக இழுக்கும். எதிர்த்திசையில் அது ஒன்றும் செய்யாது. இப்போது மெலிய வில்லின் இழுப்பு வலியதற்குச் சமம். வீச்சுகள் 1, 1, 1, 1, 1! அலை தொடர் முழுவதும் பரவிவிட்டது. இழுப்பை நான்கு மடங்காக்கினாலோ, 1, 2, 4, 8, 16. அலை வலக்கோடிக்கே போய்விடும். அலைவு நேரம் மட்டும் இம்மியும் மாறுவதில்லை.

மற்ற அலைவுகளும் வலப்புறமே குவியும். ஒருதிசைச் சார்புள்ள தொடர்களை 1996இல் ஹதானோ, நெல்சன் இருவரும் ஆராய்ந்தனர். இக்குவிதலுக்குத் 'தோல் விளைவு' என்ற பெயர் 2018இல் வந்தது. (மாறுமின்னோட்டப் பாடத்தில் நீங்கள் படிக்கும் தோல் விளைவு வேறு.) 2020இல் ஜெர்மனியின் ராஸ்டாக்கில், ஒளியிழைகளில் செலுத்திய ஒளியை, அது எங்கே புறப்பட்டாலும் ஒரே இடத்தில் சேருமாறு செய்து காட்டினர். மோட்டார் பூட்டிய இயந்திரத் தொடரில் விளிம்பு நிலையை விரும்பியபடி பரப்பி வடிவமைத்த சோதனை, 2022இல் ஹாங்காங்கில் நடந்தது.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை: மோட்டாரின் இழுப்பு சற்றே தாமதித்து வந்தாலும் ஊசல்கள் தறிகெட்டு ஆடத் தொடங்கிவிடக்கூடும்.